டீ நேரத்து வேலை

எங்கள் வீட்டு மின்விசிறி இறக்கையில் நீங்கள் தூசியே பார்க்க முடியாது, ஐயா. காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கிருபாகரன் வீட்டில் தூசியா என்று சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து தெருவே சாப்பிட்டுப் படுத்திருக்கும். நான் ஏணி போட்டு ஏறியிருப்பேன். விசிறி முடிந்தால் ஜன்னல் கம்பி. அதுவும் முடிந்தால் துடைத்ததையே திரும்பத் துடைப்பேன். சும்மா உட்கார்ந்தால், அடுத்தவர் சோற்றைத் திருடித் தின்றதுபோல எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். என் மனைவி ஹெலினாவின் தம்பி ஷெர்வினை நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். கொடுத்த வேலையை ஒழுங்காக முடிப்பான். முடித்த பிறகுதான் தொல்லை. கரண்ட் போனால் மற்றவர்கள் என்னைக் கண்டதும் துடைப்பத்தையோ எண்ணெய்க் கேனையோ தேடி ஓடுவார்கள். இவன் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துவிடுவான். தூங்கவும் மாட்டான். கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடப்பான். அப்படியொரு நிம்மதி எனக்கு என் கல்யாணத்தன்றுகூட வாய்த்ததில்லை. பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை.

ஒருநாள் கரண்ட் போயிருந்தபோது, நகர்ந்து படுத்து, பாதி அட்டையை என் பக்கம் தட்டிக் காட்டினான்.

"குந்து மாமா. கொஞ்ச நேரம் சும்மா குந்து. இன்னா ஆயிடப் போவுது?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். உண்மையாகவே முயன்றேன், ஐயா. என்னையறியாமல் தரையில் கிடந்த தகட்டுப் பிசிறுகளைப் பொறுக்கத் தொடங்கியிருந்தேன். அவன் சிரித்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. என் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினான்.

"பாவம் மாமா நீ," என்றான்.

அவன் தகடு அடிக்கும் மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் இடப்பக்கம் ஒரு பட்டன், வலப்பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் அச்சுக்கு அடியில் கை இருக்காதல்லவா, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஷெர்வினுக்கு ஒரு பழக்கம். வலது கையால் உள்ளே தகட்டைச் சரிசெய்யும்போதே இடது கையை இடது பட்டன்மேல் போட்டுச் சாய்ந்துகொண்டு, பக்கத்து மெஷின்காரரோடு கதையளப்பான். ஒரு பட்டனால் மட்டும் ஒன்றும் ஆகாது என்று அவனுக்குத் தெரியும். வேலை நேரத்திலும் அந்தக் கை ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

வலது பட்டன் பெட்டிக்குள் உங்கள் ஆட்கள் கண்டெடுத்த ஒயர்த் துண்டு நான் வைத்ததுதான். அது இருந்தால் வலது பட்டன் எப்போதும் அழுத்தியபடி இருப்பதாக மெஷின் எடுத்துக்கொள்ளும். பிறகு இடது ஒன்றே போதும். டீ நேரத்தில் வைத்தேன். நான் ஒருநாளும் டீக்கு வெளியே போகிறவன் இல்லை, அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கு மட்டும் ஜாக்கிரதையாக இருப்பான், பழக்கம் மாறாது.

திரும்பி வரும்போது எனக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தான்.

"ஆறிடப் போவுது, குடி மாமா," என்று மேஜையில் வைத்துவிட்டு மெஷினுக்குப் போனான்.

கூப்பிட நேரம் இருந்தது. ஆனால் டீ கொஞ்சம் மேஜையில் சிந்தியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டபோதும் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மெஷின் கோளாறு என்றே அவன் இன்னும் நம்புகிறான். ஹெலினாவின் அழுகை முடிந்தபாடில்லை. நான் ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். கட்டிலடியைக் கூட்டினேன், பாத்திரம் கழுவினேன். அவன் கூரையைப் பார்த்துத்தான் கிடந்தான், சிரிப்பு மட்டும் இல்லை. எங்கள் வீட்டுக்கு அவனை அழைத்து வந்த பிறகு ஒருநாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"சும்மா கெடக்கவே பயமா கீது மாமா. கண்ண மூடுனா அந்தச் சத்தம்தான் கேக்குது. எதுனா வேலை குடு."

நான் எத்தனையோ மாதங்கள் வாயால் சொல்லியும் புரியாதது அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன், ஐயா. சந்தோஷத்தில்தான். மறுநாளே மூட்டை நிறைய போல்ட்டும் நட்டும் கொண்டுவந்து அவன் முன்னால் கொட்டினேன். கலந்து கிடப்பதை இனம் பிரிக்க இடது கை போதும். அவன் பிரித்து முடித்துத் தூங்குவான், விடிகாலையில் நானே எழுந்து மறுபடி கலந்து வைத்துவிடுவேன். காலையில் எழுந்தால் கைக்கு வேலை இருக்க வேண்டும், இல்லையா?

இன்றைக்கு நீங்கள் விடியும் முன்னே என்னை அழைத்து வந்துவிட்டீர்கள். நேற்று பிரித்தது அப்படியே கிடக்கும், அவனும் சும்மா உட்கார்ந்திருப்பான். ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி அதைக் கொஞ்சம் கலந்துவிடச் சொல்ல முடியுமா, ஐயா?