சவுண்ட் சர்வீஸ்

ஒரு வீட்டில் எத்தனை ரிமோட் கிடக்கிறது என்று பார்த்தாலே போதும், அங்கே எத்தனை பேர் தங்களைக் குடும்பத் தலைவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் ஐந்து கிடந்தன. ஆட்கள் மூன்று பேர். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

உங்கள் ரைட்டர் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே பிழை. 'சம்பவ இடமான சினிமா தியேட்டரில்' என்று போட்டிருக்கிறார். அது ஹோம் தியேட்டர். சினிமா தியேட்டரில் காசு கொடுத்து அடுத்தவன் வாங்குகிற அடியைப் பார்க்கிறோம். ஹோம் தியேட்டரில் காசு கொடுத்து வாங்கி வைத்துவிட்டு வீட்டில் நாம் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். இந்த வித்தியாசம் கோர்ட்டில் முக்கியமாகப் படலாம், அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். நான் எதையும் ஒளிக்கப் போவதில்லை. எனக்கு அவசரமும் இல்லை.

நான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில், போன் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என் காதில்தான் மணி அடிக்கும். 'பதறாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்காங்க' என்பேன். சில நேரம் ஆள் டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆனால் என் குரலைக் கேட்டால் அவர் படியேறிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். அப்படி ஒரு குரல் எனக்கு. நாள் முழுக்க அடுத்தவர் அலறலைக் கேட்கும் காதுக்கு, வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் நல்ல சத்தம் வேண்டுமா வேண்டாமா? அதற்காகத்தான் அந்த ஹால்.

முன்னால் மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் வலது ஒன்று இடது ஒன்று, மூலையில் தரையை அதிரவைக்க சப்வூஃபர். நடுவில் ரிசீவர் என்று ஒரு கறுப்புப் பெட்டி. கேம் கன்சோலாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும் முதலில் ரிசீவரில்தான் செருக வேண்டும். அது படத்தை டிவிக்கும் சத்தத்தை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும். அதுதான் முறை. முறை தெரியாமல் கன்சோலை நேராக டிவியில் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். படம் தெரியும். சத்தம் மட்டும், சளி பிடித்தவன் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் டிவியின் முதுகிலிருந்து வரும். அவர்களுக்கு அது போதும். அவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவர்கள் என்றால் ஒரே ஆள்தான். மாமனார் என்பதால் மரியாதைப் பன்மை.

என் மனைவி இந்த ஏற்பாட்டை முதல் நாளே எடை போட்டுவிட்டாள். "பின்னாடி ஸ்பீக்கர்ல இலை விழுந்தாக்கூட உங்களுக்குக் கேக்குது. பின்னாடி நின்னு நான் கத்தினா மட்டும் காது அடைச்சுக்குது" என்றாள். அவளுக்கு நகைச்சுவை வரும். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்பாவிடமிருந்து அல்ல.

அப்பா, அதாவது என் மாமனார், டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸில் வண்டியை எட்டுப்போட்டுக் காட்டச் சொல்லும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி ஊரை ஃபெயிலாக்கியவர். காலை ஊன்றினால் ஃபெயில், கை காட்ட மறந்தால் ஃபெயில், அவரைப் பார்த்துச் சிரித்தால் ஃபெயில். பென்ஷன் வர ஆரம்பித்ததும் கார் ரேஸ் கேமில் விழுந்தார். திரையில் அவர் ஓட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கை மதிக்க மாட்டார், நடைபாதையில் ஏற்றுவார், எதிர்த்திசையில் வருகிறவன்தான் தப்பாக வருகிறான் என்று திட்டுவார். வாழ்நாள் முழுக்க அடுத்தவரிடமிருந்து பறிமுதல் செய்த தப்பையெல்லாம் ஒரே மூச்சில் செலவழித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தார். ஒரு சூட்கேஸ், இரண்டு கன்சோல், பழையது ஒன்று, புதியது ஒன்று. இரண்டு நாளைக்கு வருகிறவர் இரண்டு கன்சோலோடு வர மாட்டார் என்று எனக்கு அப்போதே பட்டது. நான் ஆபீஸிலிருந்து திரும்புவதற்குள் ரிசீவரிலிருந்து வந்த கேபிளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டையும் நேராக டிவியில் செருகிவிட்டு, நடு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா இது?" என்றேன்.

"டிவிக்குள்ளயே ஸ்பீக்கர் வெச்சுத்தான விக்கறான். அவன் முட்டாளா, நீ முட்டாளா, சவுண்ட் சர்வீஸ்?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று வந்ததல்ல இந்தப் பெயர். நான் முதல் ஸ்பீக்கர் வாங்கிய நாளில் வைத்தது. பொதுக்கூட்டத்துக்குக் கம்பம் நட்டு, குழாய் கட்டி, 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்கிறவரின் தொழில் அது. கௌரவமான தொழில்தான். என்னுடையது அல்ல, அவ்வளவுதான். இவர் வந்த பிறகு பெயர் வீட்டை விட்டு வெளியே நடக்க ஆரம்பித்தது. கீழே வாட்ச்மேன், "சவுண்ட் சர்வீஸ் சார், உங்களுக்குப் பார்சல்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவருக்கு அதுதான் என் பெயர் என்று நினைப்பு. மனைவியும் ஒருநாள் ஞாபகப் பிசகாக, "சவுண்ட் சர்வீஸ், சாப்பிட வாங்க" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் கடித்தாள் என்று நினைக்கிறேன்.

மாமனாருக்கு மரியாதையாகக் கூப்பிடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய மூத்த மகளின் கணவர், என் சகலை, போனில் வந்தால் குரலில் தேன் சொட்டும். "மாப்பிள்ளை, சௌக்கியமா? மாப்பிள்ளை, உடம்பைப் பாத்துக்குங்க." அந்த மாப்பிள்ளை ரிமோட்டில் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு டிவி ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். ஒரு தடவைகூட மாமனார் என்னை அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கவனித்தேன், அவ்வளவுதான்.

பிறகு டாக்டர் வந்து சேர்ந்தார். பெரியவருக்கு இதயம் பலவீனம், ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், அடிகிடி பட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்காது, தனியாக விட வேண்டாம் என்று சொன்னார். இதை எனக்கும் மனைவிக்கும் சேர்த்துத்தான் சொன்னார். நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். ஆக இரண்டு நாள் நிரந்தரமாயிற்று. உள் அறையில் காற்று வராது, அதனால் ஹால் அவருக்கு. சாய்வு நாற்காலிக்கு இடம் வேண்டும், அதனால் பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் பரணுக்கு. முன்னால் இருப்பவை தூசி அடையும், அதனால் அவையும். தீர்ப்பை மனைவி வாசித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு டப்பாவைக் கழட்டறதுக்கா இத்தனை துக்கம்? மனுஷன் செத்தாக்கூட உங்க மூஞ்சி இப்படித் தொங்காது" என்றாள்.

அவள் சொன்னது சரிதான் என்று இப்போது தெரிகிறது.

நான் சண்டை போடவில்லை. ஸ்பீக்கர்கள் பரணுக்கு ஏறும் முன்பே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மாமனாரிடம் பணிவாக ஒரு விண்ணப்பம் வைத்தேன்.

"மாமா, ஒரே ஒரு ரேஸ். நான் சொல்ற மாதிரி கனெக்‌ஷன் கொடுத்து ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா எல்லாத்தையும் நானே கழட்டிடறேன்."

ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டெஸ்ட் என்ற வாசனை பட்டதும் அவருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. "சரி, வெச்சுப் பாத்துடுவோம். ஆனா ஃபெயில்னா ஃபெயில்தான். அப்புறம் சிபாரிசோட வரக் கூடாது" என்றார். "நீ ஒயரைக் கட்டு. நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

பாத்ரூம், சோபாவுக்குப் பின்னால், இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான். அங்கே தரையில் வழுக்காமலிருக்க ஒரு ரப்பர் விரிப்பு கிடக்கும். அன்றைக்கு அது அங்கே இல்லை. சப்வூஃபருக்கு அடியில் இருந்தது. அடியில் ரப்பர் கொடுத்தால் அதிர்வு தரைக்குப் போகாமல் சத்தம் கெட்டியாக இருக்கும். பரீட்சைக்குப் போகிறவன் தயார் செய்துகொள்வான் இல்லையா? விரிப்பை எடுத்தபோது என் மனதில் ஒலியைத் தவிர வேறு எதுவும் இல்லை. குளித்த ஈரம் காயவில்லை என்பது தெரியும். தெரிவது வேறு, மனதில் இருப்பது வேறு.

இதற்குப் பிறகு நடந்ததை நேற்று உங்களிடம் சொன்னேன். கேம் பெரிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பின் இடது பக்கத்திலிருந்து 'சவுண்ட் சர்வீஸ்' என்று ஒரு குரல் வந்தது, ஸ்பீக்கரில்தான் வருகிறது, என்ன துல்லியம் என்று ரசித்தேன் என்றேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நீங்கள், "எந்த ஊர் கார் ரேஸ்ல சார், 'சவுண்ட் சர்வீஸ்'னு கூப்பிடறான்?" என்றீர்கள். ரைட்டர் சிரித்துவிட்டார். நியாயமான கேள்வி. ராத்திரி முழுக்க யோசித்தேன், பதில் கிடைக்கவில்லை. அதனால் வரிசையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். புதுத் தாள் எடுத்துக்கொள்ளட்டும்.

குரல் வந்தபோது கேம் ஓடவில்லை. எந்த ஸ்பீக்கரிலும் மூச்சில்லை. நான் டிவிக்குப் பின்னால் முட்டி போட்டு, அவர் செருகியிருந்த கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பாத்ரூமில் ஏதோ விழுந்தது. வாளி விழுந்தால் உருளும், இது உருளவில்லை. பிறகு கூப்பிட்டார். "சவுண்ட் சர்வீஸ்."

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது. கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம், ஆகவே பதற வேண்டாம். நான் பதறவில்லை. தவிர, அவர் கூப்பிட்டது சவுண்ட் சர்வீஸை. அந்த ஆள் வேலையில் இருந்தான். பாதியில் விட்டுப் போனால் எந்த ஒயர் எதற்கு என்று குழம்பிவிடும். புதிய கன்சோலை ரிசீவரின் முதல் துளையில் செருகினேன். பழையதை இரண்டாவதில். ரிசீவரிலிருந்து டிவிக்கு ஒன்று. பிறகு டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணைத்தேன். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். மறந்தால் ஒரே சத்தம் இரண்டு தடவை கேட்கும். அந்த நேரத்தில் அவரும் இரண்டாம் தடவை கூப்பிட்டார்.

"யப்பா, விழுந்துட்டேன்ப்பா. தலைல ரத்தம் வருது."

தகவல் தெளிவாக இருந்தது. மாத்திரையும் எனக்கு நினைவு இருந்தது. நான் சத்தத்தை ஏற்றினேன்.

ஒரு ரேஸ் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவருக்குப் பதில் நானே ஓட்டினேன். என்ன சொல்ல, சார். எதிரே வந்த கார் காதை உரசிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய்த் தேய்ந்தது. சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோது கூரை தலைக்கு மேல் இறங்கியது. யாராக இருந்தாலும் பாஸ் போட்டிருப்பார்கள். நான் ஒரு விளக்கையும் தாண்டவில்லை, யார்மீதும் மோதவில்லை. கடைசியாக வந்தேன்.

ரேஸ் முடிந்து மதிப்பெண் பலகை வரும் நேரத்தில் சத்தம் கொஞ்சம் தணியும். அந்த இடைவெளியில்தான் கேட்டது. பின்னால், இடது பக்கம், தரையோடு தரையாக.

"மாப்பிள்ளை."

சகலை வந்திருக்கிறாரோ என்று முதலில் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. என்னைத்தான்.

ரிமோட்டைத் தேடி எடுத்தேன். சத்தத்தை அடியோடு நிறுத்தினேன். திரையில் படம் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. பாத்ரூம் கதவு தாழிடப்படவில்லை, கை வைத்திருந்தால் திறந்திருக்கும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கும் அது தெரியும், தாழ்ப்பாள் ஒரு வருடமாகவே விழுவதில்லை. நான் சோபாவில் அசையாமல் உட்கார்ந்து, மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல், காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் கேட்டேனா என்று உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. மனைவி வந்து கதவைத் தள்ளும்வரை அப்படியே இருந்தேன். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் அவளிடம் சொன்னாராம். டாக்டர் அந்த வீட்டில் இல்லை. நான் இருந்தேன்.

இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் கட்டாயம் எழுந்து ஓடியிருப்பேன், இதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மாப்பிள்ளை என்றால் இரண்டு தடவையாவது கூப்பிடுவதுதானே சார், மரியாதை.