போகவிடேல்லை

எனக்குக் கதிரையில் சும்மா இருக்க வராது. எழும்பி நடந்துகொண்டே கதைத்தால் நீங்கள் குறை நினைக்கக்கூடாது, அன்ரனெற். சமையலறையிலிருந்து முன்கதவுவரை தடையில்லாமல் நடக்கலாம் என்றுதான் மில்லிக்கனில் இந்த வீட்டை எனக்குப் பிடித்தது. மனுசி பிரதீபா, தரை தேய்ந்துபோகும் என்று பேசுவாள். இப்போது அவள் வேலையால் வந்து மேலே நித்திரை. மகள் நிலாணியும் மேலேதான். ஆறுதலாகக் கதைக்கலாம்.

ஏன் வந்தீர்கள் என்று தெரியும். போன கிழமை பள்ளிக்கூடத்தில் எனக்காக மொழிபெயர்த்தபோது ஒரு சொல்லில் நின்றுவிட்டீர்கள். உதவி அதிபர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே பல்கலைக்கழகப் பாடம் படித்து எழுதுகிற ஏ.பி. சோதனை. நிலாணி கணிதத்துக்குப் பதிந்திருந்தாள். அதில் நல்ல புள்ளி எடுத்தால் பொஸ்டனில் பல்கலைக்கழக இடம் கிடைக்கும் என்று ஆசிரியை சொன்னாராம். பிறகு வீட்டில் பொஸ்டனைத் தவிர வேறு கதையில்லை. மே மாதம் சோதனை வந்தது, பிள்ளை போகவில்லை. பள்ளிக்கூடம் நல்ல மனதோடு பிந்திய திகதி ஒன்று கொடுத்தது. அதற்கும் போகவில்லை. எழுதாத சோதனைக்குக் கட்டணம் கட்டு என்றார்கள். கட்டமாட்டேன் என்றேன். கோடை முழுக்க இழுபட்டது.

"கட்டிவிடுங்கோ அப்பா. நான்தானே எழும்பேல்லை. என்ர பிழைதானே" என்றாள் நிலாணி. கோப்பிக் கடையில் நின்று உழைத்ததைத் தருகிறேன் என்றும் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செய்யாத பிழைக்குப் பிள்ளை தண்டம் கட்டப் பார்த்துக்கொண்டிருக்கிற தகப்பன் நானில்லை.

ஒன்றை நீங்கள் விளங்கவேண்டும். இந்த வீட்டின் இங்கிலீஷ் அவள்தான். வங்கி, டொக்டர், வரி, வேலையிடத்துப் பிரச்சினை, எல்லாவற்றுக்கும் சின்ன வயதிலிருந்தே அவளைத்தான் பக்கத்தில் இருத்துவேன். நான் வளவளவென்று சொல்வதை அவள் ஒரு வசனத்தில் முடிப்பாள். அந்த வசனத்தில் நான் என்னைவிட மரியாதையான ஆள். அவளில்லாமல் ஒருநாள் காரைத் திருத்தக் கொண்டுபோனேன். அங்கே நின்ற பெடியன் காது கேளாதவனுக்குச் சொல்வதுபோலச் சத்தம்போட்டு, ஒவ்வொரு சொல்லாக எனக்குச் சொன்னான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் நடந்தேன். இவள் பொஸ்டனுக்குப் போனால் மிச்சக் காலம் முழுக்க எனக்கு இதுதான் என்று விளங்கியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கமில்லை. காரை எடுத்துக்கொண்டு ஸ்டீல்ஸ் வீதியில் கிழக்கே போவேன், காரணமில்லாமல் திரும்பி வருவேன். எங்கே போனாலும் இருப்புக்கொள்ளவில்லை.

பிரதீபாவுக்குப் பிக்கரிங்கில் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பகலில் கண் மூடுவதற்கு டொக்டர் நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த முதல் சோதனைக்கு முந்தின நாள் நிலாணிக்குத் தடிமன், மூக்கு அடைத்துக்கொண்டது. நான் மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன். இஞ்சி கூடப் போட்டால் மல்லித்தண்ணியில் வேறு எதுவும் தெரியாது. போனில் அவள் வைத்திருந்த அலாரத்தையும் நான்தான் நிறுத்தினேன். போர்வையை இழுத்து மூடிவிட்டேன். நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நானும் அன்றைக்குத்தான் கதிரையில் கொஞ்சம் இருந்தேன்.

பிரதீபா வேலையால் வந்து ஏசினாள். "விடிய விடியப் போனை நோண்டினால் உப்பிடித்தான்." நான் விடவில்லை. "பிள்ளையை ஏசாதை" என்றேன். அந்த நேரத்தில் அவளுக்காகக் கதைத்தது நான் ஒருவன்தான்.

இரண்டாம் முறை தடிமன் இல்லை. தலைக்கு நல்லது, குடி என்றேன். அப்பா அவித்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லாத பிள்ளை. சிநேகிதி சஜிதாவைக் காலையில் எழுப்பச் சொல்லி வைத்திருந்தாள் போல. போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். "அவ சோதனைக்கு வெளிக்கிட்டிட்டா பிள்ளை" என்றேன்.

அதற்குப் பிறகு நிலாணி கொஞ்சம் மாறிப்போனாள். கோப்பிக் கடை வேலையை விட்டாள். கார் ஓட்டப் பழகுவதையும் விட்டாள், இடையில் நித்திரையாகிவிடுவாளாம். "என்னில ஏதோ பிழை அப்பா. நோர்மலான ஆக்களுக்கு உப்பிடி நடக்காது" என்றாள். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டொக்டர் சொன்னதை அவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். "ஒண்டும் இல்லையாம் அப்பா." சொல்லிவிட்டு அழுதாள். நான் தலையைத் தடவிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவும் போய்க் கட்டணத்தைப் பற்றிக் கதைக்க அவளுக்கு வெட்கம். அதனால்தான் உங்களைக் கேட்டேன். உதவி அதிபர் பிள்ளையைப் பொறுப்பில்லாதவள் என்றதும் எனக்குச் சூடேறிவிட்டது. "பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. அவ போகமாட்டன் எண்டு சொல்லேல்லை. போகவிடேல்லை" என்றேன். போகேல்லை என்று சொல்லவந்த வாய். நடுவில் ஒரு 'விட' வந்து விழுந்துவிட்டது. தமிழில் யார் போகவிடவில்லை என்று சொல்லாமலே வசனம் முடிந்துவிடும். இங்கிலீஷுக்கு ஆள் வேண்டும் போல. நீங்கள் அந்த ஆளைத் தேடினீர்கள், என்னைப் பார்த்தீர்கள், பிறகு "போகவில்லை" என்றே மாற்றிச் சொல்லிவிட்டீர்கள். அந்தளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும். கடைசியில் கட்டணமும் வேண்டாம் என்றார்கள். எனக்கு உண்மையாகவே சந்தோஷம். பிள்ளையில் பிழையில்லை என்று வென்று கொடுத்தது நான்தானே.

இங்கே வந்து இருந்ததும் நீங்கள் கேட்டது ஒரேயொரு கேள்வி. "அண்ணை, ஆர் போகவிடேல்லை?"

நான்தான் தங்கச்சி. இரண்டு முறையும் நான்தான்.

நீங்கள் இதை யாருக்குச் சொல்வீர்களோ தெரியாது. அது உங்கள் வேலை. ஆனால் நிலாணியின் காதில் போடாதீர்கள், அவள் தாங்கமாட்டாள். இப்போதுதான் கொஞ்சம் தெளிந்து வருகிறாள். அடுத்த மே மாதச் சோதனைக்குத் திரும்பப் பதிந்திருக்கிறாள். அதை எழுதிவிட்டுப் பொஸ்டனுக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். அலாரத்தையும் சிநேகிதிகளையும் இனி நம்பமாட்டாளாம். "அப்பா, இந்தமுறை நீங்களே வந்து எழுப்பிவிடுங்கோ" என்று நேற்று என்னிடம் கேட்டாள்.

நான் ஓம் என்றேன். என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்.