பேரைச் சொல்லுவேன்

— பேரை மட்டும் சொல்லிராத தாயி. இருட்டிப் போச்சு, ஆளு அடையாளம் தெரியலன்னு ஏட்டையாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு, போதும்.

— ஏலாது பெரியம்மா. அப்ப சூரியன் அடங்கவே இல்ல. ஆத்துப் பாதையில உங்க மகன் முகத்தை நல்லாப் பார்த்தேன். கூட நின்னவனுங்களே வைத்தியலிங்கம்னுதான் அவனைக் கூப்பிட்டானுங்க.

— எனக்கு ஒத்தைக்கு ஒரு பிள்ள. அவன் செயிலுக்குப் போனா இந்தப் பேச்சித்தாய் உசிரோட இருக்க மாட்டா, பாத்துக்க.

— எனக்கும் கூடப் பிறந்தவர்னு எங்க காக்கா ஒருத்தர்தான். உள்ள கிடக்குறாரு பாருங்க. வளையல் பொட்டி தூக்குற கை. எலும்பு ரெண்டாப் போயிருக்கு.

— உங்க அண்ணன் நூகுதான் முதல்ல கத்தியத் தூக்குனானாமே? அதுக்குத்தான் அடிச்சேன்னு எம்மவன் சொல்லுதான்.

— அவரு இடுப்புல ஒரு ஊசி கூடக் கிடையாது. சந்தை முடிஞ்சு பொட்டியத் தலையில வெச்சுக்கிட்டு முன்னால போனாரு. நான் பின்னால. 'சிலோன்ல அடிச்சு விரட்டுன பயலுக்கு முக்கூடல்ல என்னலே சோலி'ன்னு மறிச்சானுங்க. இவரு வாயே திறக்கல.

— ஜனாபா, போதும். அவங்க சொல்ற மாதிரியே சொல்லிரு. நாம காயல்பட்டணம் போயிருவோம்.

— நீங்க படுங்க காக்கா. அங்கயும் நாம வந்தவங்கதான். அங்கயும் ஒரு பாதை இருக்கும், மறிக்க நாலு பேர் இருப்பானுங்க. இனி நான் ஓட மாட்டேன்.

— அண்ணனுக்கு இருக்க புத்தி உனக்கு இல்லையே. ஊரைப் பகைச்சுக்கிட்டா உன் வளையலை இங்கன எவ வாங்குவா?

— வாங்கலன்னா அடுத்த ஊர்ச் சந்தைக்கு நடப்பேன். வித்துட்டு இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வருவேன். பெரியம்மா, கண்டியில கலகம் வந்தன்னைக்கு எங்க வாப்பாவைக் கடைக்கு வெளிய இழுத்துப் போட்டு அடிச்சாங்க. எதுத்த வீட்டு மனுசன் சன்னல் வழியாப் பார்த்துட்டு நின்னாரு. தினமும் எங்க கடையில தேத்தண்ணி குடிச்சவரு. வெள்ளைக்காரத் துரை விசாரிச்சப்ப, நான் ஒண்ணும் காணலன்னுட்டாரு. வாப்பாவைக் கொன்னவன் மறுநாளும் அதே தெருவுல நடந்தான். நாங்கதான் கப்பல் ஏறுனோம். இப்ப நானும் காணலன்னு சொல்லவா?

— அது அநியாயந்தான் தாயி. ஆனா எம்மவன் கொலைகாரன் இல்ல. வாலிபத் திமிரு, ரெண்டு அடி கூடப் போட்டுட்டான்.

— அடியோட நிக்கலயே. காக்கா மயங்கி விழுந்ததும் என் கையப் பிடிச்சு வாழைத் தோட்டத்துக்குள்ள இழுத்தான்.

— ஏட்டி, வாயக் கழுவு. அவன் பொம்பளப் பிள்ளைய ஏறிட்டுப் பாக்க மாட்டான்.

— வலது கையில, கட்டைவிரலுக்குக் கீழ பல்லுத் தடம் இருக்கும். என் பல்லு. ரத்தம் வந்த பிறகுதான் என்னை விட்டான்.

— ஜனாபா, இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே.

— சொல்லியிருந்தா ஒடிஞ்ச கையோட எழுந்து போயிருப்பீங்க காக்கா. பெரியம்மா, உங்க மகன் கையில அந்தத் தடத்தைப் பார்த்திருப்பீங்களே?

— நாய் கடிச்சிட்டுன்னான். மஞ்சளை அரைச்சு நான்தான் பத்துப் போட்டேன்.

— இப்பவும் இருட்டுல தெரியலன்னு சொல்லச் சொல்லுவீங்களா?

— இதை வெளிய சொன்னா உன்னை எவன் கட்டுவான், பிள்ள?

— தலை குனிய வேண்டியது நான் இல்ல. கடிச்சதையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன்.

— கொஞ்சம் தண்ணி தா தாயி.

— இந்தாங்க. பைய குடிங்க. உச்சிக்கு ஏட்டையா வந்துருவாரு. நீங்க இங்க இருக்க வேண்டாம்.

— அவன் எங்கன இருக்கான்னு உன்கிட்ட கேப்பாக. வள்ளியூர்ல என் தம்பி வீட்டுல இருக்கான்னு சொல்லு. விடியக்காலையில வண்டி ஏத்திவிட்டதே நான்தான். யாரு சொன்னான்னு கேட்டா, பெத்தவ சொன்னான்னு சொல்லு.