அம்பத்தேழு முட்டை

...ஒருத்தங்களத் தவிர யாரும் வாய் வைக்கலக்கா. பதிமூணு பேருக்கு சமைச்சேன், காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு. அப்படியே இருக்கு, பாருங்க. உள்ள வாங்க, வாசல்ல நின்னுக்கிட்டே திட்டுனா எனக்கும் சரியா காதுல விழாது. செருப்பு கெடக்கட்டும், தரை நேத்தே போச்சு.

தெரியும்க்கா. சத்தம். அதுக்குத்தான வந்திருக்கீங்க. நைட் டூட்டி முடிச்சு வந்து பகல்ல படுக்கற நர்ஸு கீழ்வீட்டுல இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா? லிஃப்ட்டுல பாப்பேன்ல. இந்த ஊருல நம்ம பாஷை பேசற ஒரே அக்கா, அவங்க தூக்கத்தையே கெடுத்துட்டோமேன்னு நேத்து குதிக்கறப்பவே நெனச்சேன். நெனச்சுக்கிட்டே குதிச்சேன்.

ஆமா, குதிச்சோம். ஸ்கிப்பிங். பதினாலு பேரு. கயிறு நாலுதான் இருந்துச்சு, மீதிப்பேர் கயிறு இல்லாமயே குதிச்சாங்க.

காபித்தண்ணியில சுண்ணாம்பு விழுந்துச்சா? ஐயோ. விளக்கும் ஆடுச்சா... அது பல் டாக்டர்க்கா. நூத்திப் பத்து கிலோ. எங்க ஜிம்முல பாக்சிங் கத்துக்கறாரு. சாயங்காலம் குத்துவாரு, காலைல அவரே பல்லைக் கட்டிவிடுவாரு. நல்ல மனுஷன். இந்தாங்க, இந்தக் கோழிய எடுத்துட்டுப் போங்க. ரெண்டு டப்பா. எடுத்துக்கங்கக்கா, நான் ஒண்டிக்கட்டை, எத்தனை நாளைக்கு திம்பேன்?

என்ன விசேஷமா? விசேஷம் ஒண்ணுமில்ல, மூணு நாள் லீவு. நான் இந்த ஊருக்கு வந்து எட்டு மாசம். பகல்ல லாண்டரியில அடுத்தவன் சட்டைக்கு இஸ்திரி, சாயங்காலம் ஜிம். ஜிம்முல எல்லாரும் வீட்டுக்குக் கூப்பிட்டுருக்காங்க, நான் மட்டும் யாரையும் கூப்பிடல. போன லீவுக்கு எங்க பாக்சிங் மாஸ்டர் வீட்டுல சாப்பிட்டேன், அதுக்கு முந்தி பல் டாக்டர் வீட்டுல. எத்தனை தடவைதான் கைய வீசிட்டுப் போயி கைய நனைக்கறது? அதான் நெஞ்சை நிமித்திக்கிட்டு சொன்னேன், இந்த லீவுக்கு என் வீடுன்னு. நோட்டீஸ் போர்டுல எழுதிப் போட்டேன். போர்டு என் பொறுப்புக்கா. எட்டே மாசத்துல குடுத்துட்டாங்க. என் கையெழுத்து நல்லாருக்குன்னு மாஸ்டர் சொன்னாரு.

குழம்பு எடுத்துக்கங்க. சட்டியோட எடுத்துக்கங்க, அப்புறம் குடுத்தாப் போதும்.

எங்க விட்டேன்? ஆங், பஸ் அக்கா. எங்க ஜிம்முல ஒரு அக்கா, பஸ் ஓட்டறாங்க. ரெண்டு புள்ளைங்க. காலைல நாலு மணிக்கு டிப்போ, சாயங்காலம் ஜிம், ரெண்டு வருஷமா ஒரு நாள் தவறல. நாளைக்கு அவங்களுக்கு மொத பாக்சிங் மேட்ச். மொத மேட்ச்க்கா. மூணு தடவை பேரு குடுத்து மூணு தடவையும் ஒண்ணு புள்ளைக்கு காய்ச்சல், இல்ல டூட்டி மாறிடும். இந்தத் தடவைதான் எல்லாம் கூடி வந்துச்சு.

ஆனா மேட்ச்சுக்கு முந்தி எடை பாப்பாங்க. அவங்க பிரிவு அம்பத்தேழு கிலோ. அம்பத்தேழுன்னா அம்பத்தேழுதான், அதுக்கு மேல ஒரு வெரல் இருந்தாலும் பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மறுபேச்சே கெடையாது. எடை பாக்கறது ஞாயித்துக்கெழமைன்னு இருந்துச்சு. லீவுனால அதை சனிக்கெழமை காலைல பத்து மணிக்கு மாத்திட்டாங்க. இன்னைக்கு. மணி இப்ப என்ன, ஒம்பதே முக்காலா? இன்னும் கால் மணி நேரம்க்கா.

இப்ப நீங்களே சொல்லுங்க. மேட்ச் நடத்தற கமிட்டின்னு ஒண்ணு இருந்தா, தேதிய மாத்துனா, ஒழுங்கா சொல்ல வேணாமா? சம்பந்தப்பட்டவங்க காதுல விழுந்துச்சான்னு பாக்க வேணாமா? பொறுப்பே இல்லாத ஜனங்க.

நேத்து பஸ் அக்காதான் மொதல்ல வந்தாங்க. டூட்டி முடிஞ்சு நேரா. யூனிஃபார்மோட. எடை பாக்க இன்னும் ரெண்டு நாள் இருக்குன்னு நெனப்புல ஒரு பிடி சாப்பிடறேன்னாங்க. நம்ம கை சும்மா இருக்குமா? ஒரு பிடி போட்டா போதுமா, எலை... தட்டு நெறைய வேணாமா? அவங்க போதும் போதும்னாங்க. நான் வச்சேன். ரெண்டாவது தட்டு நானே வச்சது. இனிப்பும் வச்சேன். இதோ, இந்த இனிப்புதான், இதையும் பையில போட்டுக்கறேன். லாண்டரிப் பைதான், சுத்தமானது.

மத்தவங்க ஒவ்வொருத்தரா வந்து, இப்பதான் உக்காரப் போறாங்க, விஷயம் வெளிய வந்துருச்சு. உடனே என்னோட குளியலறை எடை மிஷின எடுத்துட்டு வந்து நடு ஹால்ல வச்சாங்க. அக்கா ஏறி நின்னாங்க. அம்பத்தெட்டு கிலோ நூறு கிராம். பதினாலு பேரும் ஒரே நேரத்துல மூச்சு விட்டோம். எனக்கே முள்ளு அசைஞ்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் என்ன? ஹீட்டர முழுசா வச்சாங்க. என்கிட்ட இருந்த ஸ்வெட்டர், கோட்டு, மழைக்கோட்டு எல்லாத்தையும் அவங்களுக்கு மாட்டிவிட்டு, கையில கயிறக் குடுத்தாங்க. அவங்க ஒருத்தங்க குதிச்சா வெக்கப்படுவாங்கன்னு பல் டாக்டர் எந்திரிச்சாரு. அவர் எந்திரிச்சதும் எல்லாரும். அதான் உங்க விளக்கு.

எங்க ஜிம்முல ஒரு பழக்கம்க்கா. ஒருத்தங்க எடைக்காக வயித்தைக் கட்டுனா, அவங்க மிஷின்ல ஏறி எறங்கற வரைக்கும் அவங்க முன்னாடி யாரும் சாப்பிட மாட்டாங்க. தண்ணி குடிக்கணும்னாக்கூட பாத்ரூமுக்குப் போயி திருட்டுத்தனமா குடிப்பாங்க. மாஸ்டர் போட்ட சட்டம் கெடையாது, தானா வந்தது. இங்க கோழி மணக்குது. நடுவுல அக்கா, போர்வை போத்துன அலமாரி மாதிரி, தொம் தொம்னு குதிக்கறாங்க. எல்லாருக்கும் வாயில எச்சில் ஊறுது. பல் டாக்டர் ஒரு தடவை சட்டி மூடியத் தெறந்து மோந்து பாத்துட்டு, மூடி வச்சிட்டு, போயி இன்னும் வேகமா குதிச்சாரு.

ஏழு மணிக்கு மறுபடி ஏறுனாங்க. அம்பத்தேழரை. தூக்கத்துல கொஞ்சம் கொறையும்னு மாஸ்டர் சொல்றாரு. கொறையுமாக்கா? நீங்க நர்ஸு, உங்களுக்குத் தெரியும்ல... கொறையும்னு தலைய ஆட்டுங்களேன். ஆங். அது போதும்.

சோத்தையும் எடுத்துக்கங்க. அதுக்குள்ள கெளம்பிட்டீங்களா? இருங்க, கட்டித் தரேன்.

என்னது? விஷயம் எப்படி வெளிய வந்துச்சா? அது... அது வந்துருச்சுக்கா. எப்படியோ.

மாஸ்டர் ஐஸ் எடுக்க ஃப்ரிட்ஜத் தெறந்தாரு. கதவுல நான் சமையல் லிஸ்ட் ஒட்டி வச்சிருந்தேன், அது கீழ விழுந்து குப்புறக் கவுந்துச்சு. பின்பக்கமும் என்னமோ எழுதிருந்துச்சு. நம்ம எழுத்துல. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனா நம்பர் எல்லா பாஷைக்கும் ஒண்ணுதானே. "உன் சமையல் லிஸ்ட்டுல எதுக்குப்பா அம்பத்தேழு இருக்கு?"ன்னாரு. நான் சட்டுனு, "அம்பத்தேழு முட்டை மாஸ்டர்"ன்னேன். அவர் பேப்பரையே பாத்தாரு. "பத்து மணிக்கு அம்பத்தேழு முட்டையா?"ன்னாரு.

அப்படிப் பாக்காதீங்கக்கா.

சரி, சொல்லிடறேன். செவ்வாக்கெழமை கமிட்டியிலருந்து போன் வந்துச்சு. மாஸ்டர் கையில கிளவுஸு, நான்தான் எடுத்தேன். அவங்க ஒழுங்காத்தான் சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. எழுதிக்கிட்டீங்களான்னும் கேட்டாங்க. எழுதிக்கிட்டேன்னேன். எழுதிக்கிட்டேன்க்கா, பொய்யில்ல. கையில இருந்தது இந்த லிஸ்ட்டு. எழுதி முடிச்சுத் திருப்பிப் பாத்தா, வெங்காயம் எழுத விட்டுப் போச்சுன்னு தோணுச்சு. வெங்காயத்த எழுதுனேன். அந்த நெனப்புலயே வீட்டுக்கு வந்து, ஃப்ரிட்ஜுல ஒட்டி, நாலு நாளா தெனமும் அதைப் பாத்துக்கிட்டே... வெங்காயத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். போர்டு என் பொறுப்பு. போர்டுல என்ன இருந்துச்சு தெரியுமா? "வெள்ளிக்கெழமை எல்லாரும் பசியோட வாங்க."

பஸ் அக்கா என்னைத் திட்டவே இல்லக்கா. அதான் தாங்கல. கோட்டுக்குள்ள வேர்த்து ஊத்துது, என்னைப் பாத்து, "கோழி நல்லாருந்துச்சு தம்பி, அதுல சந்தேகமே வேணாம்"னாங்க. நான் பாத்ரூமுக்குப் போயி தண்ணி குடிக்கற மாதிரி நின்னேன். இன்னைக்கு எடை பாக்கற எடத்துக்கு நானும் வரேன்னேன். மாஸ்டர், "நீ வேணாம், வீட்டுல இரு, போன் வந்தா எடு, எடுத்தா காதுல வாங்கு"ன்னாரு. அதான் இப்படி உங்க உசுர வாங்கிட்டு இருக்கேன். பை கனமா இருக்கா? ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கங்க. சட்டி அடியில இருக்கு, சாய்ச்சுடாதீங்க...

இருங்க இருங்க, போன். மாஸ்டர்.

சொல்லுங்க மாஸ்டர்... ம்... ஆங், காதுல வாங்கறேன்... எவ்வளவு? இன்னொரு தடவை சொல்லுங்க... இருங்க, எழுதிக்கறேன். அம்பத்தாறு... தொள்ளாயிரம். அம்பத்தாறு கிலோ தொள்ளாயிரம். அப்ப நாளைக்கு மேட்ச் உண்டுதான மாஸ்டர்? உண்டு... உண்டுங்கறாருக்கா! நூறு கிராம் மிச்சம்! அழலை மாஸ்டர், வெங்காயம்... யாரு பேசறது? பஸ் அக்காவா? இருக்கு, கோழி அப்படியேதான் இருக்கு. எல்லாருமா? பதிமூணு பேருமா? நேத்துலருந்து பல் டாக்டர் ஒண்ணுமே சாப்பிடலையா... வாங்க வாங்க, இருபது நிமிஷத்துல வாங்க, சூடு பண்ணி வைக்கறேன். எல்லாரும் பசியோட வாங்க.

கேட்டீங்களாக்கா, அம்பத்தாறு தொள்ளாயிரம். அந்த சட்டிய இப்படிக் குடுங்க, அடுப்புல... 

அக்கா?

சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்பாங்க. சட்டியே லிஃப்ட்டுல கீழ போகுதே...

அக்கா, தூங்கிடாதீங்க! கதவைச் சாத்திடாதீங்க! நானே படியில எறங்கி வரேன், சட்டியோட நீங்களும் மேல வந்துருங்க. குதிக்க மாட்டோம், சத்தியமா. சாப்பிட மட்டும்தான்.