கோணத் தக்காளிக்கு வந்த மவுசு

கலாராணி: இன்னொரு கோப்பை ஊத்தவா மிஸ்?

றுஸைனா: அக்கா, இது மூணாவது. பண்டாரவளையில இருந்து பஸ் ஏறி தக்காளி விதைக்கு வந்தவ நான். தேத்தண்ணி வயித்துல குலுங்குது.

ஜெயகுமார்: குடிங்க மிஸ். கட்டுன புருசனுக்கு ஒண்ணுதான். விருந்தாளிக்குத்தான் இந்த மரியாத.

கலாராணி: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஏன் மிஸ், நம்ம கோணத் தக்காளிதான் வேணுமா? உருண்டத் தக்காளி வெத பாக்கெட்டுல விக்கிறாங்களே...

றுஸைனா: அதுதான் வெனையே. அந்த உருண்டையெல்லாம் ஒரே அச்சு. ஒண்ணுக்கு வாடல் நோய் வந்தா எல்லாம் வரிசையா சாயுது. எங்கட ஆராய்ச்சித் தோட்டத்துலயும் அப்படித்தான்.

ஜெயகுமார்: இந்த லயத்து வரிசையிலயுந்தான். எல்லார் வீட்டுச் செடியும் நின்ன வாக்குல சுருண்டுருச்சு.

றுஸைனா: அக்காட வேலியோரம் நின்டது மட்டும் சாகல்ல. அத நல்லாக் காய்க்கிற ஜாதியோட மகரந்தம் சேத்து ஒரு புள்ள எடுக்கணும். வந்திச்சின்டா இந்தப் பக்கம் எல்லாருக்கும் நாத்து குடுக்கலாம். இது இல்லாட்டி எனக்கு வேற தாய் இல்ல.

ஜெயகுமார்: கோணலா, புளிப்பா, எதுக்கும் அசையாம நிக்கிறதுக்கு இவ்வளவு மவுசா? என்னயும் கூட்டிட்டுப் போங்க மிஸ்.

கலாராணி: கூட்டிட்டுப் போங்க மிஸ். வீடு காலியாகும்.

றுஸைனா: அக்கா... விதை ஈக்குதா, இல்லயா?

கலாராணி: மழையில செடி போயிருச்சு...

றுஸைனா: செடி போனது தெரியும். விதை எடுத்து வச்சிருக்கேன்டு காலையில போன்ல சென்னீங்களே.

கலாராணி: வச்சேன்... கறையானுக்கு மருந்து போட அலுமாரிய நகத்துனப்ப, பின்னாடி சுவத்துல சாம்பல் போட்டு அப்பி வச்சேன். எப்பவும் சுவத்துலதான் வைக்கிறது. அங்கன்னா கோழி கொத்தாது.

றுஸைனா: அப்ப சுரண்டி எடுப்பமே.

கலாராணி: தீவாளிக்கு இவரு சுண்ணாம்பு அடிச்சாரு மிஸ். எனக்கு வெத ஞாபகமே வரல. போன வச்சப்பறம் ஓரமா எட்டிப் பாக்குறேன்... வெள்ள வெளேர்னு இருக்கு.

றுஸைனா: சுண்ணாம்புக் காரத்துல... வெந்திருக்கும்.

கலாராணி: இந்த மனுசன் ஒரு வேலைய முழுசாச் செஞ்சதே அன்னைக்குத்தான். ஒத்த ஆளா அலுமாரிய இழுத்துப் போட்டு அடிச்சாரு. காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல எல்லாருகிட்டயும் பீத்திக்கிட்டேன். உங்க மொகத்தப் பாத்துச் சொல்ல முடியாமத்தான் தேத்தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன்.

றுஸைனா: அழாதீங்க அக்கா. நான் மட்டும் என்ன ஒழுங்கா? போன வருஷம் நீங்க தந்த பழம்... விதை முளைக்கல்லன்டு சென்னேனே, அது பொய். பையோட குசினியில வச்சிட்டேன். உம்மா மீன் ஆணம் ஆக்கி அதுல போட்டுட்டாங்க.

கலாராணி: அய்யோ... புளிச்சிருக்குமே?

றுஸைனா: வாப்பா ரெண்டாந்தரமும் கேட்டுத் தின்டாரு.

கலாராணி: ஏங்க, இவ்வளவு நேரம் நையாண்டி பண்ணுன வாய் எங்க போச்சு?

ஜெயகுமார்: மிஸ், எந்திரிச்சு வந்து அலுமாரிய அந்தப் பக்கம் புடிங்க. கலா... சுண்ணாம்பு அடிச்ச அன்னைக்கு எனக்குக் கோழி அடிச்சுக் கொழம்பு வச்சியே...

கலாராணி: அதுக்கென்ன இப்ப?

ஜெயகுமார்: அதத் திருப்பிக் கேக்க மாட்டேன்னு மிஸ் முன்னாடி சொல்லு. அலுமாரிய நான் அசைக்கவே இல்ல... பிரஷ் எட்டுன மட்டுந்தான் அடிச்சேன்.