தையல்காரி இறந்த தேதி

கரண்ட் இப்போதைக்கு வராது. மெஷின்ல பாதி பேப்பர் சிக்கிக் கிடக்கு, போட்டது போட்டபடி விட்டுட்டும் போக முடியாது. எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க. பைண்டர் அண்ணே, டார்ச்சை அணைச்சிடுங்க... நான் சொல்லப் போறதுக்கு இருட்டே போதும்.

சாயங்காலம் ஆறேகால் மணி. நம்ம கடைல இருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போற ரோடு. மூடிக் கிடக்கிற மில்லோட சுவரை ஒட்டிப் போகுமே, அதேதான். என் கூட்டாளியோட சித்தப்பா தனியா நடந்து போறாரு. கக்கத்துல ஒரு பெரிய பேப்பர் சுருள். முன்னாடி ஆள் இல்ல, பின்னாடி ஆள் இல்ல. ஒரு நாய்கூட இல்ல.

அப்பதான் கேட்டிருக்கு. டக்டக்டக்டக்... நிக்குது. மறுபடி டக்டக்டக்டக்...

கால்ல மிதிக்கிற தையல் மெஷின் சத்தம். சித்தப்பா நின்னா அதுவும் நிக்குது, நடந்தா அதுவும் கூடவே வருது. மில்லுக்குள்ள இருந்து இல்ல. அவரு கக்கத்துல இருந்து... அந்தச் சுருளுக்குள்ள இருந்து. கூடவே மெஷின் எண்ணெய் வாடை. அவரு ஒண்ணும் பயந்தாங்கொள்ளி இல்ல. கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, பேய்னா சிரிக்கிற ஆளு. பஸ் ஏறும்போது சட்டை முதுகோட ஒட்டிப் போச்சாம்.

சுருள்ல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன்.

அவங்க அப்பாவுக்கு எண்பத்தஞ்சு முடியப் போகுது. பிறந்தநாளுக்கு வம்சாவளியையே ஒரு சார்ட்டாப் போட்டு, ஃப்ரேம் பண்ணி ஹால்ல மாட்டணும்னு சித்தப்பாவுக்கு ஆசை. பதிவு ஆபீஸ்ல தவமாக் கிடந்தாரு. அங்கதான் அவரோட தாத்தாவோட சர்ச் கல்யாணப் பதிவு கிடைச்சுது. மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்துல ஒரு கட்டம்... 'மனைவியை இழந்தவர்'.

மனுஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பாட்டிக்கு முன்னாடி இன்னொருத்தியா? வீட்டுல யாரும் மூச்சுகூட விட்டதில்லையே! விடுவாரா... தோண்டினாரு. பக்கத்து ஊர் பதிவேட்டுல மாட்டிச்சு. பாட்டி கல்யாணத்துக்குப் பன்னெண்டு வருஷம் முன்னாடி நடந்த கல்யாணம். மாப்பிள்ளை அதே தாத்தாதான். பொண்ணோட தொழில், தையல். பேரைக் கேக்காதீங்க, நான் சொல்ல மாட்டேன். தையல்காரின்னே வச்சுக்குவோம்.

சரி, அந்தம்மா செத்த தேதி எங்கன்னு பார்த்தா... எந்த இறப்புப் பதிவேட்டுலயும் இல்ல. அதுக்குப் பதிலா ஒரு பழைய லைசென்ஸ் பதிவேடு கிடைச்சுது. தன்னோட தையல் கடை லைசென்ஸுக்கு அந்தம்மாவே வருஷா வருஷம் வந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க. தாத்தாவோட ரெண்டாவது கல்யாணத்துக்கு அப்புறமும் பதினோரு வருஷம்! புரியுதா? உயிரோட இருந்தவளைச் செத்துட்டான்னு எழுதிக் கொடுத்துட்டு அடுத்த கல்யாணம் பண்ணியிருக்காரு பெரிய மனுஷன். அந்தச் செல்லாத கல்யாணத்துல பிறந்தவர்தான் நம்ம பிறந்தநாள்காரர்.

சித்தப்பா இங்க வந்தாரு. இதே ஸ்டூல்லதான் உக்காந்தாரு. சார்ட்டை அடிச்சது நான்தான். எல்லாருக்கும் இறந்த தேதி இருக்கு, தையல்காரிக்கு மட்டும் காலி. "இவங்களை விட்டுடலாமா"ன்னாரு. அப்புறம் அவரே, "வேணாம், பாவம். ஒரு கட்டமாவது இருக்கட்டும்"னாரு. "ஆனா தேதி காலியா இருந்தா அப்பா துருவித் துருவிக் கேப்பாரு. பெத்தவங்க கல்யாணமே பொய்னு தெரிஞ்சா மனுஷன் தாங்க மாட்டாரு."

எனக்கு அன்னைக்கு அவசரம், வெளிய நாலு பேரு காத்துக்கிட்டு நின்னாங்க. "ஒரு தேதியைப் போட்டுடுவோம் சார். ரெண்டாவது கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி... யாரு வந்து கேக்கப் போறா?" இப்படிச் சொன்னது நான்தான். வாயில வந்த தேதியை நானே அடிச்சேன். அஞ்சு செகண்ட் வேலை. பிரிண்ட் வெளிய வரும்போது எண்ணெய் வாடை அடிச்சுது. நம்ம மெஷின்தானேன்னு விட்டுட்டேன்.

பிறந்தநாள் அன்னைக்குப் பெரியவர் பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு மேல இருந்து ஒவ்வொரு கட்டமாப் படிச்சிருக்காரு. தையல்காரி பேருல விரல் நின்னுபோச்சு. முகமெல்லாம் சிரிப்பாம்.

"இவங்களா எங்கப்பாவோட மொத சம்சாரம்? எனக்கு இவங்களைத் தெரியுமேடா! ஸ்கூல் வாசல்ல வந்து நிப்பாங்க, கழுத்துல அளவு டேப்போட. என் பிறந்தநாளுக்கு வருஷம் தவறாம அளவெடுத்து ஒரு சட்டை தைச்சுக் கொடுப்பாங்க. எனக்கு ஒன்பது வயசு ஆகிற வரைக்கும். பேரு மட்டும்தான் சொன்னாங்க. யாரு நீங்கன்னு கேட்டா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க..."

அப்புறம் விரல் கீழ இறங்குச்சு. இறந்த தேதி.

"நான் பிறக்கறதுக்கு முன்னாடியே..." பூதக்கண்ணாடி கீழ விழுந்து உடைஞ்சுது. "அப்போ... என்னைத் தொட்டு அளவெடுத்தது யாரு?"

சித்தப்பா அங்கயே வாயைத் திறந்திருக்கலாம். தேதி தப்புப்பான்னு சொல்லியிருக்கலாம். சரியான தேதி என்னன்னு அடுத்த கேள்வி வருமே! மென்னு முழுங்கிட்டு இங்க போன் பண்ணாரு. "நாளாக நாளாக மறந்துடுவாரு, விடுங்க சார்"னு சொன்னேன். அதையும் நான்தான் சொன்னேன்.

மறக்கல. கழுத்துப் பட்டனைப் போடவே மாட்டேன்னுட்டாரு. கழுத்துல யாரோ விரல் வைக்கிறாங்கன்னு அலறுவாராம். ஒன்பது வயசுல இருந்து எண்பத்தஞ்சு வரைக்கும் நெஞ்சுல பொத்திப் பொத்தி வச்சிருந்த ஞாபகம். அவரு மேல பாசமா இருந்த மனுஷி. அவளைப் பேயாக்கிட்டோம். நாலு மாசத்துல போயிட்டாரு. பயந்துக்கிட்டேதான் போனாரு.

அந்தப் பேய் எங்க இருந்து வந்துச்சுன்னு என்னைக் கேட்டா, இதோ இந்தக் கீபோர்டுல இருந்துன்னு சொல்லுவேன்.

பெரியவரை அடக்கம் பண்ணி ஒரு வாரம். தேதியை எடுத்துடச் சொல்லத்தான் சித்தப்பா கிளம்பி வந்திருக்காரு. அதே ரோடு... அதே ஆறேகால். டக்டக்டக்டக்... இந்தத் தடவை சத்தம் அவருக்கு முன்னாடி வந்து நின்னுது. ஒரு அம்மா. கழுத்துல டேப். முகத்துல கோபமே இல்லையாம், வேலைக்கு நடுவுல எழுந்து வந்த மாதிரி இருந்தாங்களாம். ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"அந்தத் தேதி... யாரு போட்டது?"

என்னைக் காட்டிக் கொடுத்துட்டாரு. கடை எங்க இருக்குன்னும் சொல்லிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியுமா? உண்மையைத்தானே சொன்னாரு.

அன்னைக்கே கம்ப்யூட்டர்ல அந்தத் தேதியை அழிச்சேன். ஃபைலைத் திரும்பத் திறந்து பார்த்தா அப்படியே இருக்கு. மூணு தடவை அழிச்சேன். அப்புறம் அதைத் திறக்கறதே இல்ல.

இப்ப மூணு வருஷமாச்சு. நான் போட்ட அந்தத் தேதி வருமில்ல, அன்னைக்குக் காலைல நம்ம ஷட்டர் பூட்டுல ஒரு புதுச் சட்டை தொங்கும். எண்ணெய் வாடையோட. நான் யார்கிட்டயும் அளவு கொடுத்ததில்ல... தோள், கை எல்லாம் கச்சிதமா இருக்கும். போடாம தூக்கி எறிய மனசு வராது. நான் செஞ்சதுக்கு அதையாவது போட்டுக்கணும்னு தோணும்.

டிசைனர் பொண்ணே, சட்டை எடுப்பா இருக்கு சார்னு காலைல நீதானேம்மா சொன்னே? அது இதுதான்.

கழுத்துதான் ஒரு மாதிரி. மொத வருஷம் காலருக்குள்ள ரெண்டு விரல் போச்சு. போன வருஷம் ஒரு விரல்.

பைண்டர் அண்ணே... அந்த டார்ச்சைக் கொஞ்சம் போடுங்க. கழுத்துப் பட்டனைக் கழட்ட முடியல.