பொன்னாடை போர்த்திய கை

மிட்சம் என்ற புறநகருக்குப் போகும் டிராமில் என் முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள். மூத்தவர் கையில் ஒரு தேர்தல் துண்டுப்பிரசுரம். அதில் இருந்த படத்தில், வெள்ளைக்கார வேட்பாளர் ஒருவருக்கு அந்த மூத்தவரே பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இது நீங்களெல்லே?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஓம். கோயிலுக்கு வந்தவர். வாறவைக்கு எல்லாம் போர்த்திறதுதானே."

"கீழை எழுதியிருக்கிறதை வாசிச்சனியளோ? லொறியிலை ஒளிச்சு வந்த அகதியள் எல்லாரையும் திருப்பி அனுப்புவாராம்."

"வாசிச்சனான்."

"நீங்கள் எப்பிடி இந்த நாட்டுக்கு வந்தனியள்?"

"லொறியிலைதான். தக்காளிப் பெட்டியளுக்குப் பின்னாலை."

நான் இறங்கவேண்டிய இடம் வந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"நல்ல காலம், வோட்டு இன்னும் போடேல்லைத்தானே?"

"தபாலிலை அனுப்பியாச்சு. அவருக்குத்தான்."

"இதை வாசிச்ச பிறகுமோ?"

மூத்தவர் பிரசுரத்தை, படம் மடியாதபடி, பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தார்.

"பின்னை? அம்மன்ரை வாசல்லை வைச்சுப் பொன்னாடை போர்த்திப்போட்டு, வேறை ஆளுக்கு வோட்டுப் போட ஏலுமே, தம்பி?"